கிரந்தி எனும் சிபிலிஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில், சிபிலிஸுக்கான முதற்கட்ட இரத்தச் சோதனையான விடிஆர்எல் சோதனை மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினேன். முடிவுச் சீட்டு வாங்க வந்தவர்களும், செவிலியர் பயிற்சி மாணவிகளும், ஓய்வு பெற்ற பிறகு நான் பேசப் போகும் கல்லூரிகளில் உள்ளவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவமும் வரலாறும் கலந்தே வரும். இந்த நோயில் இரண்டையும் பிரித்துப் பேச இயலாது.

கிரந்தி, மேகநோய், வெட்டை, சிபிலிஸ் எல்லாம் ஒரே சீக்குதானே?

இல்லை. வெள்ளை, வெட்டை என்று நம்மவர்கள் சொல்லிவந்தது பெரும்பாலும் கொனோரியா என்னும் வேறொரு தொற்று. கிரந்திப்புண், பறங்கிப்புண் என்றால் பெரும்பாலும் சிபிலிஸ். மேகம் என்பது இரண்டையும், இவற்றோடு தொடர்பே இல்லாத சில தோல் நோய்களையும் அடக்கிக்கொள்ளும் அகலமான சொல். பிறந்த குழந்தைக்கு வரும் தடிப்பையும் கருமையையும்கூடச் செங்கிரந்தி, கருங்கிரந்தி என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அந்தக் கிரந்திக்கும் இந்தக் கிரந்திக்கும் உறவு இல்லை. இதைக் கேட்டுப் பதறிப்போன தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

சிபிலிஸை உண்டாக்குவது டிரிப்போனிமா பாலிடம் என்னும் பாக்டீரியா. தக்கை திருகியைப் போல் சுருண்டது. சாதாரண நுண்ணோக்கியில் புலப்படாத அளவுக்கு மெல்லியது. 1905-இல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் முதன்முதலாக இதைக் கண்டறியும்வரை, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரியாத எதிரியோடுதான் போராடிக்கொண்டிருந்தார்கள்.

பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்தால் வருமா?

வராது. இந்தக் கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பில் பிழைக்காது. உடலுறவு வழியாகவும், கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும், அரிதாக இரத்தம் ஏற்றுவதாலும், புண்ணை நேரடியாகத் தொடுவதாலும் பரவும்.

புண் வந்தது, மருந்து எதுவும் போடாமலே ஆறிவிட்டது. அப்படியானால் நோய் போய்விட்டதுதானே?

இந்த ஒரு கேள்வியில் சிபிலிஸின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று வாரத்தில் வலியில்லாத, விளிம்பு கெட்டியான ஒரு புண் தோன்றும்; சில வாரங்களில் தானாகவே ஆறும். பிறகு உடலெங்கும் அரிப்பில்லாத தடிப்புகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வருவது இதன் முக்கியமான அடையாளம். அவையும் மறையும். அதன் பின் நோய் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே உறங்கும். சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கலாம், மூளையும் தண்டுவடமும் கெடலாம், எலும்பு அரிக்கப்படலாம்.

இது தெரியவந்த விதமும் விசித்திரமானது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் சீசர் பெக் என்னும் பேராசிரியர், அன்றைய பாதரச சிகிச்சை நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்று கருதி, 1891 முதல் 1910 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்காமல் விட்டார். பின்வந்தவர்கள் அந்நோயாளிகளைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் பெரிய கேடின்றி வாழ்ந்திருந்தது தெரிந்தது. தானாகவே ஆறும் புண், பெரும்பாலோரை விட்டுவிடும் நோய் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததால், எந்த மருத்துவர் எதைக் கொடுத்தாலும் அது பலித்ததுபோலவே தோன்றியது.

கொலம்பஸ்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார் என்கிறார்களே, உண்மையா?

கப்பல் திரும்பியது 1493. ஐரோப்பாவில் முதல் பெருங்கொள்ளைநோயாக இது வெடித்தது 1495. பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் கூலிப்படை நேப்பிள்ஸ் நகரைப் பிடித்துவிட்டுத் திரும்பிய வழியெல்லாம் நோய் பரவியது. காலம் பொருந்துகிறது என்பதால் அன்றே சிலர் கொலம்பஸைக் கைகாட்டினார்கள். அவருடைய மாலுமிகளுக்குத் தாமே வைத்தியம் பார்த்ததாக ரூய் தியாஸ் தே இஸ்லா என்னும் ஸ்பானிய மருத்துவர் பின்னாளில் எழுதினார்.

மறுப்பவர்கள், நோய் முன்பே ஐரோப்பாவில் இருந்தது, தொழுநோயோடு குழப்பிக்கொண்டார்கள் என்பார்கள். அண்மை ஆண்டுகளில் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்கள் அமெரிக்கக் கண்டத்தின் பக்கமே தராசைச் சாய்த்திருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே கிருமியின் உறவுகளான யாஸ், பெஜெல் ஆகியவை உடலுறவால் பரவுவன அல்ல; குழந்தைகளிடையே தோல் தொடுதலால் பரவுவன. பிரேசிலில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய எலும்புகளில் இருந்தது பெஜெலுக்கு நெருங்கிய வகை. எனவே கிருமிக் குடும்பத்தின் தொன்மை வேறு, இன்றைய சிபிலிஸ் எப்போது எங்கே உருவாயிற்று என்பது வேறு. இரண்டாவது கேள்வி இன்னும் முற்றாகத் தீரவில்லை.

பறங்கிப்புண் என்று ஏன் பெயர்? போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததா?

பறங்கி என்றால் ஐரோப்பியர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல், அதாவது நேப்பிள்ஸ் சம்பவத்துக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து. பழைய ஆயுர்வேத நூல்களில் இல்லாத இந்நோய், 16-ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவப்பிரகாசத்தில் பிரங்க ரோகம் என்ற பெயரோடு வருகிறது. ஆகவே இந்த ஒரு பெயரில் கொஞ்சம் உண்மை உண்டு.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பெயரைப் போடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியருக்கு இது பிரெஞ்சு நோய். பிரெஞ்சுக்காரருக்கு நேப்பிள்ஸ் நோய். ரஷ்யருக்குப் போலந்து நோய். ஜப்பானியருக்குச் சீனப் புண். சொந்த ஊரின் பெயரை எவருமே வைத்துக்கொள்ளவில்லை. இலங்கையிலோ பறங்கி நோய் என்பது மேலே சொன்ன யாஸைக் குறித்தது. ஒரே சொல் கடலைத் தாண்டியதும் வேறு நோய்க்குப் போய்விட்டது.

எவர் மேலும் பழி போடாத பெயர் ஒரு கவிதையிலிருந்து வந்தது. வெரோனா நகர மருத்துவர் ஜிரோலமோ ஃபிரகாஸ்டோரோ 1530-இல் வெளியிட்ட இலத்தீன் காவியத்தில், சூரிய தேவனை இகழ்ந்து சாபம் பெறும் இடையன் பெயர் சிபிலஸ். அந்தக் காவியத்தின் தலைப்பிலும் பிரெஞ்சு நோய் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

பாதரசம் கொடுத்தே குணப்படுத்தினார்களாமே? சித்த வைத்தியத்திலும் இருந்ததாமே?

கொடுத்தார்கள், நானூறு ஆண்டுகள் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் பாதரசக் களிம்பை உடலெங்கும் தேய்த்து, நோயாளியைச் சூடேற்றிய அறையிலோ, தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும் பெட்டியிலோ வைத்துப் புகையூட்டினார்கள். வாயிலிருந்து எச்சில் படிக்கணக்கில் வடிய வேண்டும். அதோடு நோயின் நச்சும் வெளியேறுகிறது என்பது நம்பிக்கை. உண்மையில் அந்த எச்சில் பாதரச நஞ்சின் அறிகுறி. பல் ஆடி விழுந்தது, ஈறு அழுகியது, கை நடுங்கியது. எது நோயால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

நம் பக்கத்தில் பாவப்பிரகாசம் இதற்கு இரசகற்பூரத்தைச் சொல்கிறது. அதுவும் பாதரசச் சேர்மமே. அதோடு சொல்லப்படும் இன்னொரு மருந்து சீனாவிலிருந்து கடல்வழி வந்த ஒரு கிழங்கு. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். தமிழில் அதன் பெயரே பறங்கிப்பட்டை. இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால், கரடுமுரடான, கட்டைபோல் கெட்டியான, இளஞ்சிவப்பு உள்ளுடைய துண்டுகளாக எடை போட்டுக் கொடுப்பார்கள். சீனத்துக் கிழங்கு பறங்கியின் பெயரைச் சுமப்பதற்கு அவர்கள் கப்பலும் காரணம், அவர்கள் பெயரில் வழங்கிய புண்ணும் காரணம்.

பாதரசம் கிருமியை ஓரளவு அடக்கியிருக்கலாம். ஆனால் முன்பு சொன்னதுபோல் புண் எப்படியும் ஆறிவிடும் என்பதால், குணமானவர்களின் கணக்கு மருந்தின் பேரில் எழுதப்பட்டது. சித்த, ஆயுர்வேத மருந்துகளால் சிபிலிஸ் தீருமா என்று இன்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பெனிசிலினை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டையும் கிரந்தியும் வேறு என்றீர்கள். பெரிய டாக்டர்களே ஒன்று என்று நம்பினார்களாமே?

ஆம். 1767-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், கொனோரியா நோயாளியின் சீழை எடுத்து ஓர் ஆணின் உறுப்பில் ஏற்றிப் பார்த்தார். அந்த ஆணுக்கு இரண்டு நோய்களும் வந்தன. சீழ் கொடுத்தவருக்கு இரண்டுமே இருந்திருக்க வேண்டும் என்பது ஹன்டருக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே நோய் என்று முடிவு கட்டிவிட்டார். பாரிஸில் ஃபிலிப் ரிகோர் 1838-இல் இரண்டையும் பிரித்துக்காட்டும்வரை அந்தப் பெரிய பெயரின் நிழலில் தவறு எழுபது ஆண்டுகள் பிழைத்திருந்தது.

606 என்ற மருந்தைப் பற்றித் தாத்தா காலத்தில் பேசுவார்களாம். அது என்ன?

ஃபிராங்க்ஃபர்ட்டில் பால் எர்லிக்கின் ஆய்வகம் ஆர்சனிக் சேர்மங்களை வரிசையாக எண்ணிட்டுச் சோதித்தது. 606 என்ற எண்ணுடையது, ஜப்பானிலிருந்து வந்திருந்த ஹாட்டா சஹாச்சிரோ 1909-இல் முயல்களில் சோதித்தபோது, சிபிலிஸ் கிருமியைக் கொன்றது. 1910-இல் சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. குறிப்பிட்ட ஒரு கிருமியைக் குறிவைத்துச் செயற்கையாகச் செய்யப்பட்ட மருந்துகளின் வரலாறு இங்கிருந்துதான் வேகம் பிடிக்கிறது.

வசதியான மருந்தன்று. காற்றுப் படாமல் அடைத்த குப்பியை உடைத்து, கரைத்து, நரம்பில் ஏற்ற வேண்டும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். இடையிடையே பாதரசமோ, பிஸ்மத் என்னும் உலோகமோ சேரும். பாதியில் நின்றுவிட்டவர்களே அதிகம்.

பைத்தியம் பிடித்த சிபிலிஸ் நோயாளிக்கு மலேரியாவை ஏற்றினார்கள் என்பது கட்டுக்கதையா?

உண்மை. மூளையைத் தாக்கிய சிபிலிஸால் அன்றைய மனநோய் விடுதிகள் நிறைந்திருந்தன. 606 அங்கே பயன்படவில்லை. வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யௌரெக் 1917-இல் மலேரியா நோயாளியின் இரத்தத்தை இவர்களுக்கு ஏற்றி, பலமுறை கடுங்காய்ச்சல் வரவிட்டு, பிறகு குயினைன் கொடுத்து நிறுத்தினார். சிலர் தேறினர், சிலர் மலேரியாவிலேயே இறந்தனர். 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் பெண்களை மட்டும் பிடித்து ஆஸ்பத்திரியில் அடைத்தார்களாமே, ஏன்?

பட்டாளத்தின் உடல்நலத்துக்காக. பிரிட்டனில் 1864, 1866, 1869 ஆண்டுகளின் தொற்றுநோய்ச் சட்டங்கள், படை முகாம் ஊர்களில் பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்படும் எந்தப் பெண்ணையும் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தவும், நோய் இருந்தால் மாதக்கணக்கில் அடைத்துவைக்கவும் இடம் கொடுத்தன. இந்தியாவில் 1864-இன் கன்டோன்மென்ட் சட்டமும், நகரங்களுக்கான 1868-இன் சட்டமும் அதையே செய்தன. பெண்கள் பதிவு செய்துகொண்டு, குறித்த நாள்களில் சோதனைக்கு வர வேண்டும். சென்னை மாகாணத்தில் பறங்கிமலை, திருச்சிராப்பள்ளி போன்ற படைவீடுகளில் இதற்கென்றே லாக் மருத்துவமனைகள் இருந்தன. இங்கே லாக் என்பது பூட்டு அன்று. லண்டனில் இருந்த பழைய தொழுநோயாளர் விடுதி ஒன்றின் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்திருக்காது.

சிப்பாய்களுக்கு இத்தகைய கட்டாயப் பதிவு கிடையாது. அவமானப்படுத்தினால் அவர்கள் மனம் கெடும் என்பது வாதம். மருத்துவக் கணக்கிலும் இந்த ஏற்பாடு நிற்காது. உறங்கும் நிலையிலுள்ள சிபிலிஸை வெறுங்கண்ணால் காண முடியாது. அன்றைய பாதரசத்தால் அதைத் தீர்க்கவும் முடியாது. புண் ஆறியதும் குணமானவள் என்று வெளியே அனுப்பப்பட்ட பெண் குணமானவள் அல்லள். அவளிடம் வந்தவனை எவரும் பார்க்கவே இல்லை. கல்கத்தாவில் பெண்கள் பலர் பதிவிலிருந்து தப்ப நகர எல்லையைத் தாண்டிக் குடிபெயர்ந்தார்கள்.

ஜோசஃபின் பட்லர் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி தலைமை தாங்கிய நீண்ட போராட்டத்தால் பிரிட்டனில் 1886-இலும், இந்தியாவில் 1888-இலும் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன. இடையில், 1886-இல், படைப்பிரிவுகளின் கடைத்தெருக்களில் போதிய எண்ணிக்கையில், போதிய அழகுள்ள பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லி இந்தியப் படைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையே போயிருந்தது.

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு வேண்டுமென்றே சிபிலிஸ் ஊசி போட்டார்களாமே?

இரண்டு நிகழ்ச்சிகள் இங்கே கலந்துவிடுகின்றன. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் எவருக்கும் நோய் ஏற்றப்படவில்லை. அங்கே செய்தது, இருந்த நோய்க்கு மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்த்தது. 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, ஏழைக் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 600 பேரைச் சேர்த்தது. 399 பேருக்கு சிபிலிஸ், 201 பேருக்கு இல்லை. உங்களுக்குக் கெட்ட இரத்தம் என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்த சோதனையை, தனிச்சிறப்பான இலவச சிகிச்சைக்குக் கடைசி வாய்ப்பு என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். பிணப்பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவு ஏற்கப்படும் என்றார்கள். பெனிசிலின் 1940-களின் இறுதியில் எங்கும் கிடைத்த பிறகும் இவர்களுக்குப் போய்ச் சேராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

அத்துறையிலேயே பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லாமல் செய்தியாளரிடம் போனார். 1972 ஜூலையில் செய்தி வெளியானது. நாற்பது ஆண்டு ஆய்வு நின்றது. வழக்கில் 1974-இல் 1 கோடி டாலர் இழப்பீடு. 1997-இல் அதிபர் கிளிண்டனின் மன்னிப்பு. மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கு இன்று கேட்கப்படும் ஒப்புதல் படிவங்களுக்குப் பின்னால் இந்த ஊரின் பெயரும் இருக்கிறது.

நோயை வேண்டுமென்றே ஏற்றியது குவாத்தமாலாவில், 1946 முதல் 1948 வரை, அதே துறையின் மருத்துவர்கள். கைதிகள், படைவீரர்கள், மனநோய் விடுதியில் இருந்தவர்கள், பாலியல் தொழிலாளர் ஆகியோர் மேல் நடந்தது. வரலாற்றாசிரியர் சூசன் ரெவர்பி பழைய கோப்புகளில் கண்டெடுத்ததால் 2010-இல்தான் உலகுக்குத் தெரிந்தது.

அந்தப் பெரிய கவிஞருக்கு, இந்த மன்னருக்கு எல்லாம் இருந்ததாமே?

சிலருக்கு இருந்தது, பலருக்கு யாரோ ஒட்டவைத்தது. இறந்தவரின் பைத்தியத்தையும் கோபத்தையும் வைத்து இந்நோயைச் சொல்வது ஆய்வக வேலை பார்த்தவனுக்கு உடன்பாடன்று.

விடிஆர்எல் பாசிட்டிவ் என்றால் கட்டாயம் சிபிலிஸ்தானா?

இல்லை. இந்தச் சோதனை கிருமியைத் தேடவே இல்லை. இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைச் சூடேற்றி, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லின் வளையத்துக்குள் விட்டு, அதன்மேல் ஆன்டிஜென் ஒரு சொட்டு விட்டு, சுழலும் தட்டில் நான்கு நிமிடம் சுற்றவிட்டு, நுண்ணோக்கியில் பார்ப்போம். துகள்கள் சீராகப் பரந்திருந்தால் நான்-ரியாக்டிவ். கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தால் ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ். அந்த ஆன்டிஜெனில் இருப்பது மாட்டு இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பு. சிபிலிஸில் திசு சேதமாகும்போது அதற்கு எதிராக உடல் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. ஆனால் லூபஸ், தொழுநோய், மலேரியா, சில வேளை கர்ப்பம் ஆகியவற்றிலும் சுரக்கலாம். அதனால்தான் கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஎச்ஏ போன்ற இரண்டாவது சோதனையால் உறுதி செய்ய வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ரியாக்டிவ் சீட்டை மட்டும் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் இருந்தது. வார்டு முழுவதும் அதைப் படித்துவிடும், உறுதிச் சோதனை வருவதற்கு முன்பே. அதை நிறுத்த மூன்று ஆண்டுகள் ஆயின.

கர்ப்பப் பரிசோதனையில் எனக்கு மட்டும் இருக்கிறது, கணவருக்கு இல்லை. அப்படியென்றால் நான்தான் காரணமா?

சீட்டிலிருந்து அதைச் சொல்லவே முடியாது. யார், எப்போது என்பதை எந்தச் சோதனையும் காட்டாது. உங்கள் முடிவு முந்தைய பதிலில் சொன்ன பொய்யான பாசிட்டிவாக இருக்கலாம். கணவருக்கு மிக அண்மையில் தொற்றியிருந்து இன்னும் சோதனையில் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு முன்பே இருந்து, வேறெதற்கோ போட்ட ஊசியில் தீர்ந்திருக்கலாம். உங்களுக்கு ஓராண்டுக்கு மேலான உறங்கும் தொற்று என்றால், அது உடலுறவில் அவருக்குப் பரவாமலும் இருக்கும். ஆனால் கருவுக்குப் பரவும்.

அந்தக் கடைசி வரிதான் அவசரமானது. சிகிச்சை இல்லாவிட்டால் கரு கலையலாம், இறந்து பிறக்கலாம், குழந்தை நோயோடு பிறக்கலாம். நேரத்தோடு போட்ட பெனிசிலின் தாயையும் சிசுவையும் சேர்த்தே காக்கும். இதனால்தான் கர்ப்பம் பதியும்போதே இரத்தம் எடுக்கிறார்கள். தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவியும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த முதல் நாடாக 2015-இல் கியூபாவை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2019-இல் இலங்கையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கணவரையும் சேர்த்துச் சோதித்து, மருத்துவர் சொன்னால் இருவருக்கும் சிகிச்சை எடுங்கள்.

பெனிசிலின் ஒரே ஊசியில் தீர்ந்துவிடும் என்றால் இன்னும் ஏன் இருக்கிறது?

1943-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மகோனி நால்வருக்கு முதன்முதலாகக் கொடுத்தபோது, இரவு பகலாக நான்கு மணிக்கொரு ஊசி, எட்டு நாள். மொத்தம் 12 லட்சம் யூனிட். இக்கிருமி இரண்டாகப் பிரிய ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால் மருந்து இரத்தத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும். இன்று தசையில் தங்கி மெல்லக் கசியும் பென்சதைன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட்டை, ஆரம்ப நிலைக்கு ஒரே தடவையிலும், பழைய தொற்றுக்கு வாரம் ஒன்றாக மூன்று வாரமும் போடுகிறார்கள். எண்பது ஆண்டுகளாகியும் கிருமி இதற்கு எதிர்ப்புச் சக்தி பெறவில்லை.

மருந்து மலிவு என்பதே இடைஞ்சலாயிற்று. இலாபம் குறைவானதால் தயாரிப்பவர்கள் குறைந்தார்கள். பல நாடுகளில் தட்டுப்பாடு வந்தது. ஒவ்வாமைக்கு அஞ்சி ஊசி போடத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2022-இல் புதிதாகத் தொற்றிய பெரியவர்கள் 80 லட்சம். அதே ஆண்டு அமெரிக்காவில் 3,700-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிபிலிஸோடு பிறந்தன. பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடப் பத்து மடங்கு.

சிகிச்சை முடித்துவிட்டேன். ஆனாலும் டிபிஎச்ஏ பாசிட்டிவ் என்றே வருகிறதே, ஊசி வேலை செய்யவில்லையா?

டிபிஎச்ஏ ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். அது தழும்பைப் போன்றது. பார்க்க வேண்டியது விடிஆர்எல் எண், அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ரியாக்டிவ் வருகிறது என்ற கணக்கு. 1:32 என்று இருந்தது 1:8 என்றோ அதற்குக் கீழோ இறங்கினால், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது. பிற்பாடு நான்கு மடங்கு ஏறினால் மறுபடியும் தொற்றியிருக்க வாய்ப்பு உண்டு. ஒருமுறை வந்தால் மீண்டும் வராது என்பதில்லை.

எந்தத் தேதியில், எந்த ஊசி, எத்தனை தடவை, அன்றைய எண் என்ன என்று எழுதிய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில், வேறோர் ஆய்வகத்தில் பாசிட்டிவ் என்று எழுதும்போது, அது பழைய தழும்பா புதிய தொற்றா என்று எங்களால் சொல்ல முடிவது அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துத்தான்.